கறவைக் கோட்டு

மூன்றாவது வாளித் தண்ணீரும் கறுத்துப்போய்த்தான் வழிந்தது. மகள் பின்வாசல் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அம்மாவின் கோட்டை பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோட்டு என்று பேர்தான். முப்பது வருஷத்துச் சாணி, புளித்த பால், மாட்டு மூத்திரம், அம்மாவின் வியர்வை எல்லாம் ஏறி மொடமொடவென்று இருந்த தடித்துணி. கழற்றித் தரையில் வைத்தால் தானே நிற்கும். கைமடிப்பைப் பிரித்தபோது பச்சையாக என்னமோ பிதுங்கி விரலில் ஒட்டியது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அம்மா காலையில் கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தபோது விழுந்து செத்துப்போனாள். டவுனில் தையல் கடை வைத்திருக்கும் மகள், செய்தி கேட்டு பஸ் பிடித்து வந்து சேர மணி பதினொன்று ஆகிவிட்டது. அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் அம்மாவைக் குளிப்பாட்டி, வெளுத்த உடுப்புப் போட்டு முன்னறைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். அவ்வளவு சுத்தமாக அம்மாவை மகள் பார்த்ததே இல்லை. ஆனால் குனிந்து முகத்தைத் தொட்டால் அதே பழைய நாற்றம். அது அம்மாவிடமிருந்து வரவில்லை, நடையில் ஆணியில் தொங்கிய கோட்டிலிருந்து வந்தது. நாளை அடக்கத்துக்கு ஊரே வந்து நிற்கும். ஒருநாளாவது அம்மா பக்கத்தில் ஒருத்தரும் மூக்கைச் சுளிக்கக் கூடாது என்றுதான் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அந்த வீட்டில் ஒரு கூத்து உண்டு. ஏழு மாடும் அந்தக் கோட்டின் வாசனைக்குத்தான் பால் சுரக்கும். அதைப் போட்டுக்கொண்டு யார் உட்கார்ந்தாலும் சுரக்கும். போடாமல் உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் உதைதான். ஆக, யார் வேண்டுமானாலும் கறந்திருக்கலாம். யாருக்கும் அதைப் போட மனசில்லை, அவ்வளவுதான். அப்பாவுக்குத் தலைவலி வரும், அண்ணனுக்கு வாந்தி வரும், அண்ணிக்கு உடம்பெல்லாம் தடிக்கும். அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் வராது. மகளின் கல்யாணத்திலேயே பந்தி போடுமுன் கிளம்பிவிட்டவள் அவள். மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது நாலாம் மாசம் வந்து இரண்டு மணி நேரம் இருந்தாள். "மாடு கத்தும்" என்பாள், மாட்டுக்குத்தான் வாழ்க்கைப்பட்ட மாதிரி. மகளும் ஒன்றும் யோக்கியம் இல்லை. பள்ளிக்கூடத்தில் 'சாணி' என்று பட்டப்பேர் வாங்கியவள், அம்மா வாசலில் வந்து நின்றால் பின்பக்கமாக நழுவியிருக்கிறாள்.

அண்ணன் வந்தான். காலையிலிருந்து அழுது முகம் வீங்கியிருந்தது. கோட்டைப் பார்த்ததும் அழுகை நின்றுபோயிற்று.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க?"

"துவைக்கிறேன். கண்ணு தெரியல?"

"நாலு மணிக்கு எதைப் போட்டுக்கிட்டுக் கறக்கறது? சோப்பு வேற போட்டிருக்க. ஒரே நாள்ல குடியைக் கெடுத்துட்டியே."

"அம்மா உள்ள படுத்திருக்கா. நீ மாட்டைப் பத்திப் பேசுற."

"அம்மா இருந்தா அவளும் மாட்டைப் பத்தித்தான் பேசுவா."

வாய் கூசாமல் சொன்னான். அது உண்மையாகவும் இருந்ததால் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"காலையில மட்டும் எப்படிக் கறந்தீங்க?"

"காலையில என்ன, எல்லாக் கேனும் ரொம்பிடுச்சு. பால் வண்டி வந்து எடுத்துட்டுப் போன பிறகுதான் அப்பா வந்து என்னையே எழுப்பினாரு" என்றவன், சொல்லி முடித்துவிட்டுத் தங்கையின் முகத்தைப் பார்த்தான். பிறகு எதிலோ வேலை இருப்பவன் மாதிரி உள்ளே போய்விட்டான்.

அவள் கையில் பிரஷ் நின்றது. அம்மா விழுந்தது மூன்றாவது மாட்டின் காலடியில் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். தூக்கப் போனபோது, அந்தக் குளிரில், வெறும் உள்சட்டையோடு கிடந்தாள் என்றும் சொல்லி அழுதாள். மூன்றாவது மாட்டோடு விழுந்தவள் மிச்ச நாலையும் எப்படிக் கறந்தாள்? அவள் உடம்பிலிருந்த கோட்டு எப்படி நடந்து ஆணிக்குப் போயிற்று?

அப்பா கொட்டில் பக்கத்துப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவள் தண்ணீர் சொட்டும் கோட்டோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

அப்பா கோட்டைத்தான் பார்த்தார். "நனைச்சுட்டியாம்மா" என்றார்.

"அம்மா விழுந்ததுக்கு அப்புறம் இதைப் போட்டுக்கிட்டு நீங்க கறந்திருக்கீங்க. ஆமாவா இல்லையா?"

"பாதியில விட்டா மடி கல்லாப் போயிடும்."

"அப்ப அம்மாவுக்கு உசிரு இருந்துச்சா?"

அப்பா கோட்டின் ஓரத்தைப் பிடித்து ஈரத்தைப் பிழிந்தார்.

"சொல்லுங்கப்பா."

"இருந்துச்சு."

அவளுக்குப் பெற்றவர் என்றும் பார்க்காமல் காறித் துப்பலாம் போல் இருந்தது. "உசிரோட கிடக்கறவ மேலருந்து உருவ எப்படிக் கை வந்துச்சு உங்களுக்கு?"

"நான் உருவல." அப்பாவின் குரல் முதல்தடவையாக ஏறியது. "டாக்டரைக் கூப்பிடறேன்னு எழுந்தேன். அவதான் கையைப் பிடிச்சா. படுத்த வாக்குலயே ஒவ்வொரு பொத்தானா அவளே கழட்டிக் குடுத்தா. முதல்ல கறந்துடுங்க, அப்புறம் போலாம்னா."

"சொன்னா கறந்துடறதா?"

"அவ என்னைக்கு என்கிட்ட என்ன கேட்டிருக்கா? இதைத்தான் கேட்டா. நீ நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ."

அவள் நம்பினாள். அம்மாவை அவளுக்குத் தெரியாதா? அப்பா மேல் இருந்த அருவருப்பு அப்படியே நகர்ந்து, முன்னறையில் வெளுத்த உடுப்போடு கிடந்தவள் மேல் போய் உட்கார்ந்தது. அதை விரட்ட அவளால் முடியவில்லை. போய் அந்தத் தோளைப் பிடித்து உலுக்கி, ஏன் குடுத்தே, யார் கேட்டா உன்னை என்று கத்த வேண்டும் போல இருந்தது.

கொட்டிலில் ஒரு மாடு கத்தியது. பிறகு இன்னொன்று. அப்பா எழுந்து அவள் கையிலிருந்து கோட்டை வாங்கி, ஈரத்தோடே மாட்டிக்கொண்டார். பொத்தானைத் தப்பான துளையில் போட்டார். ஒரு பக்கம் மேலே இழுத்துக்கொண்டு நின்றது. பிரித்தார், மறுபடியும் தப்பாகப் போட்டார்.

மகள் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கொட்டில் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா மேலிருந்த கோட்டுக்கு மூன்று பொத்தான் போட்டு நாலாவதைத் துளையில் நுழைக்கும்போதுதான் தன் கை செய்துகொண்டிருந்த வேலையை அவள் பார்த்தாள்.