மூன்றிலிருந்து மைனஸ் இரண்டைக் கழித்தல்

1

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. என் மனைவியிடம் படித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும். வழக்கமாக மனைவியிடம்தான் சொல்வேன்.

முதல் வரிக்கு எழுதிப் பார்த்தவை:

'அவள் இறந்து எழுபது நாளாகிறது.' (உண்மை. கதை நகரவில்லை.)

'கூடத்துத் தரையில் இன்னும் அவள் ஒட்டிய—'

2

டேப். அதுதான் எண்கோடு: நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் பத்து வரை, மறுபக்கம் மைனஸ் பத்து வரை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவள் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: பிள்ளைகளை உட்காரவைத்துக் கணக்குப் போடாதீர்கள், நடக்க விடுங்கள். ஒத்திகை வீட்டில். மாணவன் நான். "நாப்பது பேர் பண்ற சேட்டைய நீ ஒருத்தனே பண்றியே" என்பாள்.*

இப்போது டேப்பை மிதிக்காமல் சுவரோரமாகத்தான் போய்வருகிறேன்.

* இந்த வரியை இரண்டு முறை அடித்தேன். இருக்கட்டும்.

3

வந்த பெண்ணுக்கு மறுநாள் செய்முறைத் தேர்வு. நிஜ வகுப்பு, பின்வரிசையில் தேர்வாளர். மூன்றிலிருந்து மைனஸ் இரண்டைக் கழிக்கும் பாடம். ஐந்தில் போய் நிற்க வேண்டும். தோழிகள் முன்னால் ஒத்திகை பார்த்தபோது ஒன்றில் போய் நின்றாளாம். தேர்விலும் அப்படியானால் ஒரு வருடம் போய்விடும். மேடம் (என் மனைவி) எழுதிக்கொடுத்த நோட்டில் வெறும் அம்புக்குறிகள்தானாம்.

(இங்கே அவளை அழவைக்கலாமா என்று யோசித்தேன். அவள் அழவில்லை. பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.)

வாயால் சொன்னேன். பத்தைப் பார்த்து நில். கழித்தல் குறி வந்தால் திரும்பு. மைனஸ் எண் வந்தால் பின்னால் நட. எழுதிக்கொண்டு நடந்தாள். திரும்பியதும் கால் தானாக முன்னால் போயிற்று. மறுபடி ஒன்று.

"ஒரு தடவ நடந்து காட்டுங்க சார். பாத்தா பிடிச்சுக்குவேன்."

4

மூன்றில் நின்றேன். திரும்பினேன். இனி பின்னால் இரண்டடி.

பின்னால் நடக்கும் பிள்ளை திரும்பிப் பார்க்கக் கூடாது. அது பயப்படாமலிருக்க ஆசிரியர் அதன் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். என் மனைவி எப்போதும் அங்கேதான்—

முடிவு அ: நடந்தேன், பெண் தேர்வில் ஜெயித்தாள். (பொய் வாடை.)

முடிவு ஆ: "முடியலம்மா" என்று அனுப்பிவிட்டேன். (எழுதக் கை வரவில்லை.)

நடந்தவரை இதுதான்: அந்தப் பெண் நோட்டைக் கீழே வைத்தாள். சுற்றிக்கொண்டு என் பின்னால் போனாள். யாரும் அவளைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"நிக்கிறேன் சார். பாக்காம வாங்க."

அடுத்த வரி எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், அவசரமில்லை, அந்தப் பெண்ணும் அவசரப்படுத்தவில்லை.