எதிர்ப் பெட்டிக் குழந்தை

மகளைப் பற்றிய கவலை பாதி என்றால், எதிர்ப் பெட்டிக் குழந்தை மேல் வந்த வயிற்றெரிச்சல் லோசாவுக்கு மீதிப் பாதி. ஞாயிறு தவறாமல் தொங்கா தீவுக்காரர்களின் சபையில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள், முக்கால் கிலோகூட இல்லாத பச்சைப் பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனாலும் பட்டாள். நன்றாகவே பட்டாள்.

இரண்டு குழந்தைகளும் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே செவ்வாய்க்கிழமை, பதினைந்து வாரம் முந்திக்கொண்டு பிறந்து, எதிரெதிர் கண்ணாடிப் பெட்டிகளில் கிடந்தவை. இரண்டுக்கும் ஒரே கோளாறு. இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய். வயிற்றில் இருக்கும்வரை அது வேண்டும், பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டும். இதுகளுக்கு மூடவில்லை. ரத்தம் வழிமாறி நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் டாக்டர் மெகன் இரண்டு தாய்மாரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசினாள். பிறந்த மூன்று நாளைக்குள் மருந்து கொடுத்து மூட வைக்கலாம். இல்லாவிட்டால் மூன்று வாரம் பொறுத்து, தானாக மூடுகிறதா என்று பார்க்கலாம், மூடாவிட்டால் அப்போது மருந்து. மருந்துக்கும் சில தொல்லைகள் உண்டு, பொறுப்பதற்கும் உண்டு. இதுதான் சரி என்று அடித்துச் சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

எதிர்ப் பெட்டிக்காரி கர்ஸ்டி நின்ற நிலையில் மருந்துக்குக் கையெழுத்துப் போட்டாள். தெ குயிட்டி ஊர்ப் பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரி, எதற்கும் யாரையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். லோசாவுக்கும் கை பரபரத்தது. ஆனால் புருஷன் சைமோனே, அக்கா வரட்டும் என்றான். தொங்கர்களில் தகப்பனின் அக்காவுக்கு இருக்கிற மரியாதை சபைப் போதகருக்குக்கூடக் கிடையாது. அக்கா லவினியாவோ ஒரு சாவுக்காக வவாவூ தீவுக்குப் போயிருந்தாள். போனில் கேட்கலாமே என்றாள் லோசா. இவ்வளவு பெரிய விஷயத்தை அக்காவிடம் போனில் கேட்பதா, முகத்தில் எப்படி முழிப்பது என்றான் அவன். லோசாவும் வாயை மூடிக்கொண்டாள். அவளும் அந்த வளர்ப்புதானே.

மருந்துக்கான மூன்று நாள் கெடு தாண்டி, லவினியா ஐந்தாம் நாள் சீர்ப் பாயும் துணியுமாக வந்து இறங்கினாள். குழந்தைக்குத் தன் பெயரையே வைத்தாள். பிறகு விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

"என்னை எதுக்குடா கேட்டீங்க? பேரு வைக்கிறது என் உரிமை. சீர்ல நல்ல பாயை முதல்ல எடுத்துக்கிறது என் உரிமை. மருந்து கொடுக்கச் சொல்ல நான் என்ன டாக்டரா?"

சைமோனே தரையைப் பார்த்தான். லோசா புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் இரண்டு நாள் காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான்.

அன்றிலிருந்து அவள் கண் எதிர்ப் பெட்டியிலேயே கிடந்தது. அந்தப் பையன் ஆலிக்கு ஒரே வாரத்தில் குழாய் மூடிவிட்டது. தொண்டையில் செருகியிருந்த குழாயையும் எடுத்துவிட்டார்கள். பத்தாம் நாள் கர்ஸ்டி சட்டையைத் திறந்து பிள்ளையை நெஞ்சோடு போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தாள். லோசா மகளை அதுவரை ஒரு விரலால்தான் தொட்டிருந்தாள். அந்த நாற்காலி தன்னுடையது, அந்த நிம்மதி தன்னுடையது, அக்காவுக்காகக் காத்திருந்த நாட்களில் இவள் அள்ளிக்கொண்டு போய்விட்டாள் என்று மனசு குமைந்தது. கர்ஸ்டி கண்ணைத் திறந்து சிரித்தபோது இவளும் சிரித்து வைத்தாள்.

இதில் பால் வேறு. லோசாவுக்குப் பால் பொங்கிக்கொண்டு வந்தது, கர்ஸ்டிக்குச் சொட்டு இல்லை. "வீட்டுல நானூறு மாடு கறக்கிறேன், என்கிட்ட ஒண்ணுமில்ல பாரு" என்று முதல் வாரம் அவளே சிரித்துக்கொண்டு அழுதாள். அப்போது லோசா மனசார, என் பாலைக் கொடு என்றாள். ரத்தப் பரிசோதனை, கையெழுத்து எல்லாம் முடிந்து, ஆலி அவள் பாலைத்தான் குடித்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரண்டே மில்லி, மூக்கில் விட்ட குழாய் வழியாக.

இப்போது அந்த இரண்டு மில்லி அவளைக் குடைந்தது. மருந்தும் அவனுக்கு, நாற்காலியும் அவனுக்கு, என் பாலும் அவனுக்கா? என் மகள் மூச்சுக்கு மெஷினை நம்பிக் கிடக்க, இவன் என் பாலில் கன்னம் உப்புகிறானா? பதினைந்தாம் நாள், பால் வற்றிவிட்டது, மகளுக்கே போதவில்லை என்று கர்ஸ்டியிடம் சொன்னாள். சொல்லும்போது குரல்கூடத் தடுக்கவில்லை. கர்ஸ்டி அவள் கையைப் பிடித்து, இத்தனை நாள் கொடுத்ததே பெரிசு என்றாள். ஆலி பவுடர் பாலுக்கு மாறினான். லோசாவுக்கு அன்று நல்ல பசி எடுத்தது. மரவள்ளிக்கிழங்கும் டின் மாட்டிறைச்சியும் தட்டு நிறையப் போட்டுத் தின்றாள்.

மூன்றாம் வார முடிவில், காலை பத்து மணிக்கு, ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூடாவிட்டால் இன்றே மருந்து. மருந்துக்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை வரை போகலாம் என்று டாக்டர் மெகன் முன்பே சொல்லியிருந்தாள். லவினியா வாய்க்குள் ஜெபித்தாள். சைமோனே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். டாக்டர் திரையை அப்படியும் இப்படியும் திருப்பி, மறுபடி ஒரு தடவை பார்த்தாள்.

"மூடிடுச்சு லோசா. தானாவே மூடிக்கிச்சு. மருந்து வேண்டாம்."

லோசாவின் கண் மகளிடம் போகவில்லை. சட்டென்று எதிர்ப் பெட்டிக்குப் போனது. பார்த்தாளா அவள்? கேட்டாளா? ஒரு ஊசி இல்லாமல் என் மகள் ஜெயித்துவிட்டாள் என்று அந்த மாட்டுப் பண்ணைக்காரிக்குத் தெரிந்ததா?

லவினியா அதைக் கவனித்துவிட்டாள். நாத்தனார் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"பிள்ளை இந்தப் பக்கம் இருக்குதுடி" என்றாள், மெதுவாக.

லோசாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. வெட்கமாக இருந்தது, அசிங்கமாக இருந்தது. மகளின் உள்ளங்கையில் விரலை வைத்தாள். அந்தச் சின்னக் கை விரலைப் பற்றியபோதுதான் அழுகை வந்தது. அழுது முடித்து, நேராகப் பால் ஃப்ரிட்ஜுக்குப் போய், தன் பெயர் ஒட்டிய பாட்டில்களில் நான்கை எடுத்துக்கொண்டு எதிர்ப் பெட்டிக்குப் போனாள்.

கர்ஸ்டி பெட்டியின் மேல் ஒரு கையை வைத்து நின்றிருந்தாள். உடுப்பு நேற்றைய உடுப்பு. லோசா பாட்டில்களை நீட்டினாள்.

"பால் வத்தல, கர்ஸ்டி. பொய் சொன்னேன்."

"தெரியும். அதே ஃப்ரிட்ஜுலதானே பவுடர் பாலும் வைக்கிறாங்க. உன் பேரு ரெண்டு தட்டு நிறைய இருக்கு."

"அப்போ ஏன் ஒண்ணும் கேட்கல?"

"உன் பால். நான் என்னன்னு கேட்கிறது?"

லோசா பாட்டில்களை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டினாள். கர்ஸ்டி வாங்கவில்லை.

"இப்ப முடியாது. இவனுக்குக் காலையில வயிறு வீங்கிப் போச்சு. எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க, சொட்டு நீர்கூடக் கூடாதாம்."

பெட்டிக்குள் ஆலியின் வயிறு பளபளவென்று நீலம் பாரித்திருந்தது. தொண்டைக்குழாய் திரும்ப வந்திருந்தது. காலையிலிருந்து அதே அறையில்தான் இருந்தாள் லோசா. இத்தனை நாளும் எதிர்ப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவள் இன்று இதைப் பார்க்கவில்லை.

"எதனாலயாம்?" என்றாள்.

"அன்னைக்குக் கொடுத்த மருந்தா இருக்கலாமாம். இவ்வளவு சீக்கிரம் பிறந்ததுக்குச் சும்மாவே வருமாம்." கர்ஸ்டி பாட்டில்களைப் பார்த்தாள். "பவுடர் பாலாவும் இருக்கலாமாம். எதுன்னு சொல்ல முடியாதுன்னாங்க."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் லோசா பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். கர்ஸ்டி திரும்பி, லோசா மகளின் பெட்டியைப் பார்த்து, "உன் பொண்ணுக்கு மூடிடுச்சாமே, கேட்டேன். ரொம்பச் சந்தோஷம் லோசா" என்றாள்.

உண்மையாகவே சொன்னாள். லோசா அந்த முகத்தில் தன் பொறாமையைத் தேடினாள், கிடைக்கவில்லை. பாட்டில்கள் கையில் சில்லென்று கனத்தன. திரும்பிப் போகவும் முடியாமல், அங்கே நிற்கவும் முடியாமல், பையனின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.