அவைக்கு ஆகாத சொல்

"காபியைக் குடிச்சிட்டுக் கிளம்பும்மா" என்று மூத்தார் கோப்பையை மேசைமேல் இன்னொரு முறை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வேண்டாம் மாமா."

"வெறும் வயித்தோட போறது நல்லதா? நீயே நர்சு. உனக்கு நான் சொல்லணுமா?"

நர்சம்மா கைப்பையை மூடினாள். அவள் கணவர், மூத்தாரின் தம்பி, கடிகாரம் பழுது பார்ப்பவர். ஜன்னலோரம் ஒரு கைக்கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே புகுந்துவிடப் போகிறவர்போலக் குனிந்திருந்தார். அண்ணனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் அவர் இருக்கிற இடமே தெரியாது.

மூத்தாருக்குத் திடீரென்று இந்தக் கரிசனம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். நகர மன்றத்தில் இன்றைக்கு ஓட்டெடுப்பு. பழைய பிரசவ ஆஸ்பத்திரியை மூடி இடத்தை ஏலம் விட வேண்டும் என்று ஒரு பாதி. கூடாது என்று இன்னொரு பாதி. ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டித்தான் மூத்தாரின் மரக்கடை; ஏலத்துக்கு வந்தால் எடுத்துவிடலாம் என்று அந்த இடத்தின்மேல் அவருக்கு ஒரு கண். கூடாது என்கிற பக்கம் ஒரு கை கூடுதல். அந்தக் கை இவளுடையது.

மன்றக் கட்டிடம் எழுந்து எண்பது வருஷம் இருக்கும். அத்தனை வருஷத்தில் தேர்தலில் நின்று ஜெயித்து அதற்குள் நுழைந்த முதல் பெண் அவள். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஒருவருக்கும் அது தோன்றியதே இல்லை. அவசரம் என்றால் மாடியிறங்கி, தெருவைத் தாண்டி, அச்சகக்காரர் வீட்டுக் கொல்லைக்குப் போகவேண்டும். போய்வர இருபது நிமிஷம். போன கூட்டத்தில் அவள் அப்படிப் போன நேரம் பார்த்துத்தான் குழாய்த் தண்ணீர் விவகாரத்தை ஓட்டுக்கு விட்டார்கள். இரண்டு பக்கமும் சமமாயிற்று. தலைவர் தன் ஓட்டைப் போட்டு முடித்துவிட்டார். அவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது எல்லோரும் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் தண்ணீரைத் தொடவில்லை. காலையில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரைக்காக மட்டும் ஒரு மடக்கு. அந்த மாத்திரையோ உடம்பிலிருக்கிற நீரை வடிக்கிற மாத்திரை.

"உன்னை ஜெயிக்க வச்சது யாருன்னு நெனச்சுப் பாரு" என்றார் மூத்தார். குரலில் காபியின் இனிப்பெல்லாம் போயிருந்தது.

"நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் மாமா. அந்த ஆஸ்பத்திரியில பிள்ளை பெத்தவங்க."

கோப்பையில் ஆடை படிந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

பத்து மணிக்குக் கூடியது மன்றம். ஆஸ்பத்திரி விஷயத்தைப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளியிருந்தார் தலைவர். தெருவிளக்கு, தெருநாய், சந்தைக் கூரை என்று ஒவ்வொன்றாக எடுத்து இழுத்தார். நடுவில் அவருக்கு என்றுமில்லாத தாராளம் வந்து, எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு வரவழைத்தார்.

"நர்சம்மாவுக்கு முதல்ல குடுப்பா" என்றார்.

சிலர் உதட்டுக்குள் சிரித்தார்கள். அவள் வாங்கி மேசையில் வைத்தாள். நாக்கு அட்டைபோல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆண்கள் நினைத்த நேரத்தில் எழுந்து போனார்கள்; கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி திரும்பி வந்தார்கள். பத்தடி தூரத்தில் இருந்தது அவர்கள் கதவு.

தலைவரின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து பேச்சையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்த மண்டபத்தில் இருந்த இன்னொரு பெண் அவள் மட்டும்தான். பதினோரு வருஷமாக அதே நாற்காலி, அதே தாகம். பார்வை ஒரு கணம் நின்று, பிறகு குறிப்பேட்டுக்குத் திரும்பியது.

மூன்றரை மணி. அடிவயிறு கல்லாகிவிட்டது. இருபது வருஷம் பிரசவ வலியில் துடித்தவர்களிடம் "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று சொல்லி வந்தவள், அதையே இப்போது தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. தலைவர் அதைக் கவனித்தார். கண்ணாடியைக் கழற்றி, மிக நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

நர்சம்மா எழுந்து நின்றாள்.

"தலைவரே, எனக்கு மூத்திரம் முட்டுது."

தலைவர் துடைப்பதை விட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"என்ன பேச்சும்மா இது?" என்றார் தலைவர்.

"உள்ளதைத்தான் சொல்றேன். காலையிலேருந்து அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன். இந்தக் கட்டிடத்துல எனக்குப் போக இடமில்ல. நான் வெளியில போற நேரம் பார்த்து ஓட்டெடுப்பு வைக்கணும்னு நீங்க காத்திருக்கீங்க. ஒண்ணு, இப்பவே ஓட்டெடுப்பு வைங்க. இல்ல, நான் திரும்பி வர்ற வரைக்கும் வைக்கமாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. ரெண்டும் முடியாதுன்னா நான் நகரமாட்டேன். ஆகறது இங்கேயே ஆகட்டும்."

"உக்காருங்க. இது அவைக்கு ஆகாத பேச்சு. பதிவிலேருந்து நீக்குங்க."

"நீக்கிக்குங்க. ஓட்டெடுப்பு வைங்க."

பின்வரிசையில் ஒரு கிழவர், பூட்டுக்கடைக்காரர், தொண்டையைச் செருமினார். "வச்சுடுங்க தலைவரே. எனக்கும் பொண்ணு இருக்கு. பார்க்கச் சகிக்கல."

வேறு வழியில்லாமல் ஓட்டெடுப்பு நடந்தது. கைகளை எண்ணினார்கள். ஒரு கை வித்தியாசத்தில் ஆஸ்பத்திரி பிழைத்தது.

ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்புகூட அவளுக்கு அப்போது வரவில்லை. கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கித் தெருவைக் கடந்துவிட வேண்டும் என்பதுதான் நினைப்பு. அச்சகக்காரர் மனைவி அவள் முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் பத்திரிகையில் ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வரி இல்லை. 'நாகரிகம் மறந்த பெண் உறுப்பினர்' என்று தலைப்பு. மூத்தார் அதைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"வெளியில தலைகாட்ட முடியல. இனிமே இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் பத்திரிகையை எடுத்து அந்தத் தலைப்பைப் படித்தார். பிறகு, "வேற வார்த்தை கிடைக்கலையா உனக்கு?" என்றார்.

"இருபது வருஷமா ஆஸ்பத்திரியில அந்த வார்த்தையைச் சொல்லித்தான் வேலை பார்த்தேன். அதைக் கேட்டு யாரும் செத்துப்போகல."

அவர் கடிகாரத்தைக் கீழே வைத்தார். உள்ளே போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த மாதம் மன்றம் கூடியது. வழக்கப்படி செயலாளர் எழுந்து சென்ற கூட்டத்தின் நடவடிக்கைகளைப் படித்தார். தெருவிளக்கு, தெருநாய், சந்தைக் கூரை. அடுத்த தாளைப் புரட்டியவர் நின்றுவிட்டார். காதோரம் சிவந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் தலைவர்.

செயலாளர் தாளை அவரிடம் நீட்டினார். தலைவர் படித்துவிட்டு மேடைக்குக் கீழே குனிந்தார். "இதை நீக்கச் சொன்னேனே?"

டைப்பிஸ்ட் எழுந்தாள். பதினோரு வருஷத்தில் அந்த மண்டபம் அவள் குரலைக் கேட்டதில்லை.

"நீக்கணும்னா எந்த வார்த்தைன்னு தலைவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடணும்னு விதி இருக்கு ஐயா. மறுநாளே தாளைக் கொண்டாந்தேன். அந்தக் கண்றாவியை எல்லாம் என் கையால எழுத முடியாது, போம்மான்னுட்டீங்க."

தலைவர் பேனாவைத் திறந்தார். மண்டபம் முழுக்க அந்தப் பேனாவையே பார்த்தது. அவர் அதை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

"படிச்சுத் தொலைங்க."

நர்சம்மா அந்த மன்றத்தில் அதற்குமுன் ஒன்பது முறை பேசியிருந்தாள். சாக்கடை பற்றி, தண்ணீர் பற்றி, பள்ளிக்கூரை பற்றி. ஒன்பதும் 'பெண் உறுப்பினரும் பேசினார்' என்ற ஒற்றை வரியாகத்தான் பதிவேட்டில் இருந்தன. பத்தாவதுதான் முழுசாக ஏறியிருந்தது.

செயலாளர் தாளை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.