மாறிப்போன பட்டன்

என் மகள் அஸ்வினிக்கு எட்டு வயசு. சட்டைக்குப் பட்டன் போட வராது, பந்து எறிஞ்சா பிடிக்க வராது. ஸ்கூலில் தத்தின்னு கூப்பிடுவார்கள், விளையாட்டில் சேர்க்க மாட்டார்கள். அவள் அம்மா பாஞ்சாலி செத்துப்போன பிறகு பட்டன் போட்டுவிட நான்தான். நான் கரும்பு வெட்டுக்கு ஜல்தி கிளம்புகிற நாளில், திறந்த சட்டையோடு பையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு போவாள்.

திண்டிவனத்தில் கையாலேயே எலும்பு, சதையைப் பிடித்துவிடும் ஆஸ்டியோபதி டாக்டரம்மா இருக்கிறார் என்று மேஸ்திரி சொன்னார். சுளுக்கு எடுக்கிற மாதிரி ஒரே இழுப்பில் சரியாகிவிடும் என்று நினைத்துக் கூட்டிப்போனேன்.

அந்தம்மா அவள் கழுத்தையும் முதுகையும் மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

"எப்பங்க இழுப்பீங்க?"

சிரித்துவிட்டார். "இது சுளுக்கு இல்லைங்க. மூளை சொல்றத கை கேக்க லேட்டாவுது. நான் தொட்டா இறுக்கம் கொஞ்சம் தளரலாம், அவ்ளோதான். பட்டன் போட அவதான் பழகணும். ஆள் பக்கத்துல உக்காந்துக்கினு பொறுமையா பழக்கணும்."

"ஆளுன்னா நான் ஒருத்தன்தாங்க."

திரும்பும் பஸ்ஸில் என் சட்டையைக் கழற்றாமல் பட்டனை மட்டும் அவிழ்த்து, "போடும்மா" என்றேன். கூட்டேரிப்பட்டில் ஆரம்பித்து விக்கிரவாண்டி வரைக்கும் போராடினாள். எல்லாம் ஒரு ஓட்டை மாறிப்போயிருந்தது.

விழுப்புரத்தில் இறங்கும்போது கண்டக்டர், "இன்னா பெரியவரே, சட்டை கோணலா கீது?" என்றார்.

அஸ்வினி தலையைக் குனிந்தாள்.

"நான் போட்டதுங்க. எனக்கு வராது" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தச் சட்டையோடவே வீட்டுக்கு நடந்தோம். "என்னய்யா கோலம் இது" என்று கேட்க அங்கே பாஞ்சாலி இல்லை.