இரண்டு மதிப்பெண் கேள்வி

மூத்தவள் கையை உயர்த்திக் கூடுதல் தாள் கேட்டபோது, இரண்டு பெஞ்சு முன்னால் அவளுடைய ஓரகத்தி பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு விரல்களைச் சொடுக்கிக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சரக்கு தீர்ந்துவிட்டது என்று மூத்தவள் நினைத்தாள். நாக்கின் அடியில் கற்கண்டு கரைவதுபோல் இருந்தது. கண்காணிப்பாளர் கொண்டுவந்து கொடுத்த தாளை வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகத் திருப்பினாள். இது மூன்றாவது தாள். இளையவள் ஒன்றுகூட வாங்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். ஒரே துணிக்கடையில் வேலை. மூத்தவள் பதினோரு வருஷமாக, வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்க வருபவர்களின் கவுண்டரில் நிற்கிறாள். இளையவள் மூன்று வருஷமாக பில் போடுகிறாள். கீழ்த்தளத்துக்கு ஒரு சூப்பர்வைசர் தேவைப்பட்டபோது, மேலாளர் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டு, பள்ளி இறுதியில் வணிகவியல் தேறியிருக்க வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் விதி என்றார். இருவருக்குமே அந்த ஒரு தாள்தான் பாக்கி. மூத்தவள் பதினாறு வருஷத்துக்கு முன்னால் அதில் தவறியவள். இளையவள் பரீட்சை நாளில் காய்ச்சலில் கிடந்தவள். "ரெண்டு பேரும் எழுதுங்க. யார் பாஸோ அவங்களுக்கு. ரெண்டு பேரும் பாஸுன்னா சீனியாரிட்டி" என்றார் மேலாளர். ஆக, மூத்தவள் தேறினால் போதும், வேலை அவளுக்குத்தான். முப்பத்தைந்து மதிப்பெண். பதினோரு வருஷம் கால் கடுக்க நின்றதற்கு ஒரு நாற்காலி.

ஆனால் அவளுக்கு முப்பத்தைந்து போதவில்லை. இளையவளைவிட ஒன்றாவது கூட வேண்டும். இளையவளிடம் எதிலும் ஒரு அளவு இருந்தது. அதுதான் மூத்தவளின் கண்ணை உறுத்தியது. போர்வையை மடித்தால் நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். சோறு மிஞ்சாது, பற்றாமலும் போகாது. கடைக் கூட்டத்தில் அவள் இரண்டு வார்த்தை பேசினால் மேலாளர் தலையாட்டுவார். மூத்தவள் வாயைத் திறந்தால் கைக்கடிகாரத்தைத் திருகத் தொடங்குவார். சொந்தக் கணவனே ஒருநாள், "தம்பி பெண்டாட்டி போன்ல பேசினா நாப்பது செகண்டு. உனக்கு ஹலோ சொல்லவே அவ்வளவு ஆகும்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். முள் விளையாட்டாகக் குத்தினாலும் முள்தானே.

சமையலறை மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து இரண்டு மாதம் படித்தார்கள். புத்தகம் ஒன்றுதான். மூத்தவள் வாய்விட்டுப் படிப்பாள். இளையவள் பழைய கேள்வித்தாளை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு எண் போடுவாள்.

"அது என்ன?"

"நிமிஷம்க்கா. ரெண்டு மார்க்குன்னா மூணு நிமிஷம், ரெண்டு வரி. பத்து மார்க்குக்குத்தான் பக்கம். கேட்டதுக்கு மேல எழுதினா யாரும் மார்க் சேத்துப் போட மாட்டாங்க. நீங்களும் இப்படிப் பிரிச்சு வெச்சுக்கங்க."

"ம்."

அன்று இரவெல்லாம் அந்த 'வெச்சுக்கங்க'தான் மூத்தவளுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. போட்டிக்கு நிற்பவள் எதற்காக யோசனை சொல்ல வேண்டும்? என்னைக் குறைத்து எழுதவைத்து, நான் குறைவாக வாங்கினால் யாருக்கு லாபம்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? விடிந்ததும், எதைக் கேட்டாலும் நிறைய எழுதுவது என்று முடிவு செய்துகொண்டாள். படித்தது மறந்தாலும் பார்த்தது இருக்கிறது.

பரீட்சையில் ஏழாவது கேள்வி அவளுக்காகவே அச்சடித்ததுபோல் இருந்தது. 'வாடிக்கையாளர்கள் பொருளைத் திருப்பித் தருவதற்கான காரணங்களில் இரண்டைக் கூறுக.' இரண்டு மதிப்பெண். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டா? நிறம் மாறுவது, அளவு பொருந்தாதது என்று இரண்டு வரியில் தொடங்கினாள். கடைக்குள் பச்சையாக இருந்தது வெயிலில் நீலமாவதை எழுதினாள். மனைவியின் இடுப்பளவு தெரியாத கணவர்களை எழுதினாள். ஒரு புகைப்படத்துக்காக உடுத்திவிட்டு, வாசனைத் திரவிய மணம் போகாமல் கொண்டுவருபவர்களை, அவர்கள் கண்ணைப் பார்க்காமல் பேசுவதை எழுதினாள். ஒரே மாதிரிச் சேலையை அக்காளும் தங்கையும் தனித்தனியாக எடுத்துவிட்டு, யார் திருப்பிக் கொடுப்பது என்று கவுண்டரிலேயே சண்டை போட்டதை எழுதினாள். பேனா தானாக ஓடியது. நான்கு பக்கம் ஆயிற்று. இளையவள் பில் போடுகிறவள். போகும் துணியைத்தான் பார்ப்பாள், வரும் துணி அவளுக்கு என்ன தெரியும்? அதான் ஒரு கூடுதல் தாள்கூட வாங்காமல் விரலைச் சொடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

மணி அடித்தபோது மூத்தவள் பத்து மதிப்பெண் கேள்விகளில் இரண்டைத் தொடவே இல்லை. மூன்றாவதற்குத் தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார வேண்டியிருந்தது.

"அந்தத் திருப்பித் தர்ற கேள்வி. எவ்வளவு எழுதின?"

"ரெண்டு வரி. சேதம், அளவு. நீங்க?"

"நாலு பக்கம்."

இளையவள் மெதுவாகத் திரும்பினாள். "அக்கா, அது ரெண்டு மார்க்குக்கா."

"தெரியும். படிக்கத் தெரியாதவன்னு நினைச்சியா?"

இளையவளின் முகத்தில் அப்போது இருந்தது சந்தோஷம் இல்லை. அது என்ன என்று தெரியாததுதான் மூத்தவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. சிரித்திருந்தால் திட்டியிருக்கலாம்.

முடிவு வந்தது. இளையவள் எழுபத்து நான்கு. மூத்தவள் முப்பத்து மூன்று. கணவன் மதிப்பெண் தாளை இரண்டு முறை பார்த்தான். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்லுவாங்க. நீ என்னடான்னா..." என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்து வாக்கியத்தை அப்படியே விழுங்கினான். பிறகு, கூட்டலில் தப்பு இருக்கலாம் என்று தானாகவே போய் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தான். அது அவன் மன்னிப்புக் கேட்கும் விதம்.

இளையவள் சூப்பர்வைசர் ஆனாள். முதல் நாள் நாற்காலியில் உட்காராமல் மத்தியானம்வரை நின்றாள். அது வேறு எரிந்தது. உட்கார்ந்து தொலைத்தால்தான் என்ன? கவுண்டருக்கு வந்து, "அக்கா, இந்தப் புகார் நோட்டை நீங்களே வெச்சுக்கறீங்களா?" என்று கேட்டபோது, பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் எங்கோ பார்த்தார்கள். மூத்தவள், "மேடம் எப்படிச் சொல்றீங்களோ அப்படியே" என்றாள். 'மேடம்' என்ற சொல் நன்றாகப் பழுத்த மிளகாய்போல் வந்து விழுந்தது. இளையவளின் கழுத்து சிவந்தது. அன்று மூத்தவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

மூன்று வாரம் கழித்து நகல் வந்தது. நல்ல நகல், திருத்தியவரின் சிவப்பு மை சிவப்பாகவே இருந்தது. கணவன் கூட்டிப் பார்த்தான். முப்பத்து மூன்றேதான். அவன் வெளியே போன பிறகு இளையவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க மேடம்."

"வீட்டுல மேடம் வேண்டாமே. உங்க கவுண்டருக்குப் புதுசா ரெண்டு பொண்ணுங்க வர்றாங்க. எப்படிப் பேசணும், எதைக் கேக்கணும்னு சொல்லிக் கொடுக்கச் சொல்றார் மேலாளர். எனக்கு அது தெரியாது. நீங்க எழுதின அந்த நாலு பக்கத்தைக் கொடுத்தீங்கன்னா..."

"உனக்குத்தான் ரெண்டு வரி போதுமே."

மூத்தவளுக்கே அது நன்றாக விழுந்ததுபோல் இருந்தது. மேலே சேர்க்க ஒன்றும் தோன்றவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அளவாகப் பேசியிருந்தாள்.

இளையவள் போகவில்லை. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய பசைநாடாவை நகத்தால் சுரண்டினாள். "போதாதுக்கா. அதான் கேக்கறேன். காலையில சொல்லுங்க" என்றுவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

கொடுப்பேனா? மூத்தவள் மேசையில் உட்கார்ந்தாள். என் பதினோரு வருஷத்தை வாங்கித் தன் பெயரில் சுவரில் ஒட்டிக்கொள்வாள். மேலாளர் படித்துவிட்டு, பிரமாதம் என்று இவளைப் பார்த்துத் தலையாட்டுவார். கிழித்துப் போடலாம். கிழிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஏழாவது கேள்வியைப் புரட்டினாள்.

இரண்டாவது வரி முடிந்த இடத்தில் ஒரு சிவப்பு டிக். ஓரத்தில் 2. முழு மதிப்பெண். அதன்கீழே, பக்கத்தின் அடிவரை ஒரு குறுக்குக்கோடு. வெயிலும் நீலமும் அதற்கடியில் போயின. இரண்டாவது பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரே கோடு. மூன்றாவதிலும் அதே கோடு, ஆனால் பாதி வழியில், சேலைச் சண்டைக்குப் பக்கத்தில், நின்றுபோயிருந்தது. மை தீர்ந்திருக்கும்.

நான்காவது பக்கத்தில் கோடு இல்லை.

அதை எழுதியதே அவளுக்குச் சரியாக நினைவில்லை. நேரம் போகிறது என்ற பதற்றத்தில் எழுத்து சாய்ந்து கிடந்தது. 'சில துணிகள் நிறம், அளவு எல்லாம் சரியாக இருந்தும் வரும். ஒரு பெண் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஐந்து சட்டை எடுத்தாள். ஒரு மாதம் கழித்து வந்து ஐந்தையும் திரும்ப கொடுத்தாள். விலைச்சீட்டைக்கூடப் பிரிக்கவில்லை. இப்படி வருபவர்களிடம் காரணம் கேட்கக் கூடாது. படிவத்தில் அளவு சரியில்லை என்று நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.'

'திரும்ப' என்ற சொல்லுக்கும் 'கொடுத்தாள்' என்ற சொல்லுக்கும் நடுவே, மேலே, யாரோ சிவப்பு மையில் ஒரு சின்ன 'க்' போட்டிருந்தார்கள். வணிகவியல் தாளில் ஒற்றுப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கூட்டுவதும் இல்லை. ஆனால் அதைப் போட, அந்த வரிவரை யாரோ படித்திருக்க வேண்டும்.

இளையவளின் எழுபத்து நான்கில் இப்படி ஒன்று இருக்குமா என்று நினைத்தாள். இருக்காது. இரண்டு வரியில் பிழை விட இடம் ஏது?

பக்கத்து அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் தாளைச் சமையலறை விளக்கின் பக்கம் சாய்த்து, கட்டைவிரலால் அந்த 'க்'கை ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். எறும்புத் தலை அளவு. அசையவில்லை. விரலை எடுக்காமல் அதன்மேலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.