எழுபத்து மூன்றாவது முயற்சி

ஆறரைக்கு அலாரம் அடித்தது. அவன் எழுந்து பல் தேய்த்தான். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தான். கொதிக்க நாலு நிமிடம் ஆகும். அதற்குள் சமையலறை மேஜையைத் துடைத்து, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்த நீலப் பெட்டியை எடுத்து வைத்தான். பெட்டிக்குள் ஒரு கேபிள் துண்டு, அதில் பொருத்திய இணைப்பான், ஐந்து மாற்று முனைகள், ஒளியை அளக்கும் மீட்டர். ரப்பர் கையுறையைக் குழாயில் நனைத்து, உதறாமல் மாட்டிக்கொண்டான். உதறக் கூடாது. கம்பத்தின் மேல் மழையில் நிற்பவனுக்கு உதற நேரம் இருக்காது.

நாற்காலியை ஜன்னலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தான். அடுப்பு முதுகுப்பக்கம் இருந்தது.

மேஜையின் நடுவில் கடிகாரம். சமையலுக்கு நேரம் பார்க்கும் சின்ன டிஜிட்டல் கடிகாரம், தலையில் பெரிய சிவப்புப் பொத்தான். முகப்பில் 38 என்று நின்றிருந்தது. தொடங்க வேண்டுமானால் முதலில் பொத்தானை அழுத்தி அந்த எண்ணை அழிக்க வேண்டும்.

கையைத் தூக்கினான். விரல் நுனியிலிருந்து தண்ணீர் மேஜையில் சொட்டியது. பின்னால் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. கை அப்படியே இருந்தது.

"மாப்ள."

மாமியார் கதவோரம் நின்றிருந்தார். நேற்றைய புடவை. கண்கள் வீங்கியிருந்தன.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல அத்தை. பழக்கம்."

அவர் வந்து அடுப்பை அணைத்தார். தண்ணீர் பாதியாகச் சுண்டியிருந்தது. பக்கத்தில் எடுத்து வைத்திருந்த இரண்டு டம்ளர்களைப் பார்த்தார். ஒன்றின் விளிம்பு நசுங்கியிருந்தது.

அவன் மனைவி இறந்து பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது.

அவள் ஒளியிழைக் கேபிள்களுக்கு இணைப்பான்கள் வடிவமைக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். முடியைப் போல மெல்லிய கண்ணாடி இழை. இரண்டு கேபிள்கள் சந்திக்கும் இடத்தில் அந்த இழையின் முனையை ஒரு பொட்டுத் தூசி கீறிவிட்டால் போதும், ஒரு தெரு முழுக்க இணைப்பு போய்விடும். அப்போது கம்பத்தில் ஏறுகிறவன் இணைப்பானையே வெட்டிப் போட்டுவிட்டு வேறொன்றை ஒட்டவைக்க வேண்டும். அதற்குத் தனி இயந்திரம், தனி ஆள், அரை நாள். அவள் வடிவமைத்ததில் முனை மட்டும் கழன்று வரும். அழுத்தி, கால் சுற்றுத் திருகி, உருவி எடுத்துவிட்டு, புது முனையைச் செருகினால் போதும். கையைத் தவிர வேறு கருவி வேண்டாம்.

எதைத் தயாரிப்பது என்று முடிவு செய்யும் நிறுவனத்தின் கமிட்டி நம்பவில்லை. பழக்கமில்லாத ஒருவர், ஈரக் கையுறையோடு, நாற்பது வினாடிக்குள் ஒரு தடவையாவது மாற்றிக் காட்டட்டும் என்றார்கள். முடியாவிட்டால், முழுக்க அடைத்த, கெட்டால் தூக்கிப்போடுகிற மாதிரியே போதும்.

பழக்கமில்லாத கை வீட்டிலேயே இருந்தது. அவன் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அந்த ஆண்டு மட்டும் மூன்று கண்ணாடிக் குழாய்களை உடைத்திருந்தான். "இந்தத் தடிவிரலால முடிஞ்சா ஊர் உலகத்துல யாராலயும் முடியும்" என்று சொல்லி அவள் நோட்டில் கோடு போட்டாள். தினம் காலை, டீ கொதிப்பதற்குள் ஒரு முயற்சி. எழுபத்திரண்டு முயற்சிகளில் மிகச் சிறந்தது நாற்பத்திரண்டு வினாடி.

"பண்ணப் பண்ண உனக்குப் பழகிடுமோன்னு பயந்தேன்," என்றாள் ஒருநாள். "அந்தக் கவலையே வேண்டாம்னு ஆயிடுச்சு."

எட்டு மணிக்குமேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி கீழே வந்து ஒரு கால்மணி நேரம் நிற்கும், அங்கிருந்து நேரே மின்மயானம் என்று ஏற்பாடு. மனைவியின் தம்பி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். நாற்காலி வரவழைத்தான், போனில் வழி சொன்னான், தண்ணீர் கேன் தூக்கினான். நிற்கவே இல்லை.

கூடத்தில் மாமியாரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆமா. தலையில ரத்தக்குழாய். காலையில விழுந்தவதான், அப்புறம் கண்ணே தெறக்கல. கடைசியா என்னைத்தான் கேட்டிருக்கா. அம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டாளாம்."

அதை அவன்தான் சொன்னான். நேற்று மதியம், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில். நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கியவர், பையைக் கீழே வைக்கும் முன் கேட்ட முதல் கேள்வி, "ஏதாவது சொன்னாளா?" முந்தின இரவு போன் செய்தபோது மகள், "காலைல பேசறேம்மா" என்று வைத்துவிட்டாளாம். அவன் யோசிக்கவில்லை. உங்களைத்தான் கேட்டா என்று வாய் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து, அதாவது நேற்றிலிருந்து, அந்த வாக்கியம் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதைக் கேட்டுத் தலையசைத்தார்கள்.

தம்பி சமையலறைக்குள் வந்து மேஜையை ஒழித்தான். பெட்டியை மூடினான். கடிகாரத்தைக் கையில் எடுத்தான். கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் போனது.

"மாமா, இது எங்க..."

"தொடாதடா!"

கூடத்தில் பேச்சு நின்றது. தம்பி கடிகாரத்தை இரண்டு கையாலும் பிடித்து, முட்டையை வைப்பது போல மேஜையில் வைத்தான்.

"சரி மாமா. தொடல."

"இல்ல... அவ விழறப்ப அது ஓடிட்டிருந்துது."

"சரி மாமா."

பத்து மணிக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். குள்ளமானவர். சட்டையின் கடைசிப் பொத்தான் வரை போட்டிருந்தார். மனைவி அவரை 'மைக்ரான்' என்றே சொல்லுவாள். உயரத்துக்காக இல்லை, ஒரு மைக்ரான் தள்ளிப்போனாலும் மதியம் சாப்பிடமாட்டார் என்பதற்காக. அவர் சமையலறை வாசலில் நின்று அவன் கைகளைப் பார்த்தார்.

"நீங்கதானே... தடிவிரல்?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க சார். ரிப்போர்ட்ல செய்தவர் பேருன்னு போட்டிருக்கிற இடத்துல அதுதான் இருக்கும். நாங்க உங்க நிஜப் பேரைக் கேட்டதே இல்ல."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சத்தம் சிரிப்பு மாதிரி இல்லை. மைக்ரான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எதையோ தேடுவது போலச் சுற்றிலும் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இன்னைக்கு இதைக் கேக்கக் கூடாது. கேக்காமப் போனாலும் மேடம் என்னை விடமாட்டாங்க. கமிட்டி நாளைக்கு மறுநாள் சார். அந்த நோட்டு இருந்தா... நாற்பத்திரண்டோட ஒண்ணும் நடக்காதுன்னு தெரியும். இருந்தாலும் எடுத்து வைக்கணும் இல்லையா."

அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கண் எண்களைத் தவறவிடும் கண் இல்லை.

"இது?"

அவன் கடிகாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"எப்ப சார்?"

"நேத்து காலைல."

மைக்ரான் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். நேற்று காலை என்ன நடந்தது என்று அலுவலகம் முழுக்கத் தெரியும்.

"நோட்டுல இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல."

"நோட்டுல இல்லன்னா அது எண்ணே இல்லம்பாங்க மேடம். என் அளவை எல்லாம் எத்தனை தடவை அடிச்சுப் போட்டிருக்காங்க தெரியுமா." எழுந்தார். "நான் கீழதான் நிக்கறேன். கடைசி வரைக்கும் இருப்பேன். நீங்க... உங்க இஷ்டம் சார்."

அவர் போனபின் அவன் நோட்டை எடுத்தான்.

எண், தேதி, நேரம், வினாடி, ஒளி இழப்பு, குறிப்பு. எல்லாம் அவள் கையெழுத்து. குறிப்பில் அந்த நேரத்தில் நடந்ததை நடந்தபடி, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கோடு போட வேண்டும் என்பது அவள் வைத்திருந்த ஒழுங்கு. 'தும்மினார். நேரத்தைக் கழிக்க முடியாது.' 'முனை ஃபிரிட்ஜுக்கு அடியில். தேடல் 11 நிமிடம்.' 'வசை. எழுதத் தகாதது.' 'பால்காரர் மணி அடித்தார், இவர் திரும்பிப் பார்த்தார், நாற்பத்து நாலில் முடிய வேண்டியது போச்சு.' அன்று அவள் உண்மையாகவே கோபப்பட்டாள். ஏணி மேல நிக்கறவன் கீழே நாய் குரைச்சா திரும்புவானா, திரும்பினா ஏணி இருக்குமா என்று கேட்டாள்.

முயற்சி தொடங்கும் முன்பே எண்ணையும் தேதியையும் நேரத்தையும் எழுதிவிடுவாள். கடைசி வரியில் 73 என்று இருந்தது. நேற்றைய தேதி. 6.41. அதற்குப் பிறகு வெறும் கட்டங்கள்.

அவன் அந்த நாலைந்து எண்களை வெகுநேரம் பார்த்தான். கை நடுங்கிய அடையாளம் இருக்கிறதா, கோடு எங்காவது இழுத்திருக்கிறதா என்று. இல்லை. எப்போதும் போல இருந்தது.

நேற்று அவன் பழைய முனையைத் திருகிக்கொண்டிருந்தபோது பின்னால் டம்ளர் விழுந்தது. அவன் தலை பாதி திரும்பியது. அவள் ஒன்று சொன்னாள். அவன் மறுபடி ஜன்னலைப் பார்த்தான். புது முனை முதல் தடவையிலேயே உட்கார்ந்தது. பொத்தானை அடித்தான். மீட்டர் நிலைக்கும் வரை காத்திருந்தான், ஒளி இழப்பு புள்ளி இரண்டு, போதும். "ஏய், முப்பத்தெட்டு!" என்று இரண்டு கைகளையும் தூக்கிக் கத்தினான். பதில் வரவில்லை. கிண்டல் செய்ய நல்ல வார்த்தை தேடுகிறாள் என்று நினைத்தான். பிறகு திரும்பினான்.

டம்ளர் விழுந்ததிலிருந்து பொத்தான் வரை முப்பது வினாடி. மீட்டர் நிலைக்க இருபது. ஐம்பது.

மாமியார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கையில் டீ. எதிரில் உட்கார்ந்தார். அவர் முப்பது வருடம் வார்டு நர்ஸாக இருந்தவர். துக்கத்திலும் டம்ளரைச் சிந்தாமல் வைத்தார்.

"குடிங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் உள்ள போகல."

"அத்தை, நான் உடனே திரும்பல."

"தெரியும்."

அவன் நிமிர்ந்தான்.

"ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் படிச்சேன். விழுந்தது ஆறு நாப்பத்தொண்ணு, பார்த்தது அம்பது வினாடி கழிச்சுன்னு சொல்லியிருக்கீங்க. பொண்டாட்டி விழுந்த நேரத்தை எவனும் வினாடி போட்டுச் சொல்லமாட்டான், கடிகாரம் ஓடிட்டிருந்தா தவிர." டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார். "அந்த மாதிரி வெடிச்சா, ஆபரேஷன் மேஜை மேலயே படுத்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. டாக்டர் சொன்னாரே."

"சொன்னார்."

"நம்பல?"

அவன் டீயைப் பார்த்தான். ஏடு படிந்திருந்தது.

"என்னைக் கேட்டான்னு சொன்னீங்களே," என்றார். குரலில் கோபம் இல்லை. "ராத்திரி பூரா அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். வார்டுல நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா அதை? ஓடி வந்து நிப்பாங்க. ஏதாவது சொன்னாங்களா சிஸ்டர்னு கேப்பாங்க. உங்களைத்தான் கேட்டாருன்னு சொல்லிடுவேன். அதே ரெண்டு வார்த்தை, அதே இழுப்பு. நீங்க சொன்னதும் எனக்கு என் குரலே கேட்டுது."

"வெளிய எல்லார்கிட்டயும்..."

"கேக்கறவங்களுக்குக் குடுக்க ஒண்ணு வேணுமே மாப்ள. அவங்களும் வெறுங்கையோட போக முடியாது."

கீழே ஒரு வண்டி பின்னோக்கி வரும் பீப் சத்தம் கேட்டது. தம்பி யாரிடமோ ஓரமா, ஓரமா என்று கத்தினான்.

அவன் பேனாவை எடுத்தான். வினாடி என்ற கட்டத்தில் 38 என்று எழுதினான். ஒளி இழப்பு, 0.2. அவள் எண்களுக்குப் பக்கத்தில் அவன் எண்கள் பெரிதாக, கோணலாக, கோட்டைத் தாண்டி நின்றன. குறிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ஒரு கோடு போட்டால் போதும். மைக்ரான் கீழே நிற்கிறார். கமிட்டிக்குத் தேவை முப்பத்தெட்டு மட்டும்தான்.

"அம்மா," என்று தம்பி கதவைத் தட்டினான். "வந்துட்டாங்க."

"வரோம்," என்றார் மாமியார். எழுந்திருக்கவில்லை. "நிஜமா என்ன சொன்னா?"

அவன் எழுதினான். மெதுவாக, கட்டத்துக்குள் அடங்கும்படி. எழுதி முடித்துக் கையை எடுத்தான். நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தான். மாமியார் புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசி வரியில் விரல் வைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டு போனார். விரல் கடைசிக் கட்டத்தில் நின்றது.

'ஒண்ணுமில்ல. நீ திரும்பாத, நேரம் ஓடுது.'