மருந்துக்காரர் வீட்டுத் தேன்கூடு

எந்தக் கட்டடத்தில் கரையான் வந்தாலும், தேனீ கூடு கட்டினாலும் மருந்துக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாரென்றால் அரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். பூச்சிகளுக்கு நான்தான் எமன் என்று அவரே பீற்றிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவருடைய வீட்டு பால்கனியிலேயே தேனீக்கள் வந்து குடியேறின. துணி காயப்போடும் கம்பிக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கூடு. துணிச்சலைப் பாருங்கள்!

அன்றைக்கே அடித்துத் தள்ளியிருப்பார். மனைவி குறுக்கே வந்து நின்றாள். "விட்டுடுங்க. பாவம், இப்பத்தான் வந்திருக்குதுங்க."

பதினோரு மாதத்தில் அவள் தானாக வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான். கைக்குழந்தை காய்ச்சலில் போனதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். காய்ச்சல் சொட்டு மருந்தைத் தான்தான் அளவு தப்பிக் கொடுத்துவிட்டதாக ஓர் எண்ணம் அவளுக்கு. அப்படியெல்லாம் இல்லையம்மா என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னதும் காதில் ஏறவில்லை. பத்து வயது மகள் தானே தலையைப் பின்னிக்கொண்டு, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்தாள்.

கூட்டைப் பார்க்க எழுந்தவள், பிறகு தினமும் எழுந்தாள். தேனீக்களுக்காக இரண்டு பூச்செடி வாங்கிவரச் சொன்னாள். காலில் மஞ்சள் மகரந்தத்தோடு எத்தனை வருகின்றன என்று மகள் எண்ணினாள். மாலை ஐந்தரைக்கு மூன்று பேரும் பால்கனித் தரையில் உட்கார்ந்து டீ குடிப்பது வழக்கமாகிவிட்டது. மருந்துக்காரர் தலையோடு குளித்து, வேலை வாடை போன பிறகுதான் அங்கே வருவார். "உங்கப்பா என்ன வேலை பாக்குறாருன்னு இதுங்ககிட்ட சொல்லிடாதடி, ராத்திரியோட ராத்திரியா வீட்டைக் காலி பண்ணிடும்," என்று ஒருநாள் அவள் மகளிடம் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். வீடு திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் வந்த அழுகை.

அந்தப் புதன்கிழமை இரண்டு தெரு தள்ளி ஒரு கிடங்கில் வேலை. கூரை விளிம்பில் முறம் அளவுக்குப் பெரிய தேன்கூடு. கீழிருந்தே பீய்ச்சி அடித்தார், தேனீக்கள் கொத்துக்கொத்தாக விழுந்தன. அதற்கப்புறம் கூட்டை அறுத்தெடுத்துப் பையில் கட்டிப் புதைத்துவிட வேண்டும். அந்தத் தேன் முழுக்க விஷம் ஏறியிருக்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் அறுப்பதற்கு ஏணி எட்டவில்லை. பெரிய ஏணி வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். மணி ஐந்தாகியிருந்தது.

"காலையில வந்து அறுத்துக்கறேன்," என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். காலையில் முதலாளி வேறொரு இடத்துக்கு அனுப்பிவிட்டார். அவரும் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது டீ போட்டிருக்கவில்லை. மனைவியும் மகளும் பால்கனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தரையெல்லாம் தேனீக்கள். மல்லாந்து விழுந்து, கால் உதறி, ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. கூட்டிலிருந்து இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தன.

இருபது வருடமாகப் பார்த்த சாவு. பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. காவலுக்குத் தேனீ இல்லாத கூட்டின் தேனை மற்ற தேனீக்கள் மோப்பம் பிடித்து வந்து அள்ளிக்கொண்டு போகும். கிடங்கில் தொங்கிய அந்தத் தேனை இவை வீட்டுக்குச் சுமந்துகொண்டு வந்திருக்கின்றன.

"நேத்து கிண்ணத்துல சர்க்கரைத் தண்ணி வெச்சேன்," என்றாள் மனைவி, தரையைப் பார்த்தபடியே. "கிண்ணத்துல சோப்பு இருந்திருக்கும். சரியாக் கழுவலை போல. என் கை பட்டா எதுவுமே தங்காதுங்க."

எழுந்தாள். படுக்கையறையைப் பார்த்து நடந்தாள். மகள் அவளைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். வெயில் என்று சொல்லலாம், ஏதோ நோய் என்று சொல்லலாம். எதையும் மனைவி நம்பப்போவதில்லை. இந்த முறை அந்தக் கட்டிலில் படுத்தால் இவள் எழுந்திருக்கமாட்டாள் என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் தன்னை என்ன நினைப்பாள் என்பதும் தெரிந்தது. படுக்கையறை வாசலை மறித்து நின்றார்.

"நீ இல்லம்மா. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னார். அவள் முகம் மாறாமல் கேட்டாள்.

"அறுக்கணும்னு தெரியுமில்ல? ஏன் அறுக்கலை?"

"அஞ்சரைக்குள்ள இங்க வரணும்னு..." அவருக்கே கேவலமாக இருந்தது.

"அப்ப கிண்ணம் இல்லையா?"

"இல்ல."

"நிஜமா நான் இல்லையா?"

"நம்ம பொண்ணு மேல சத்தியமா இல்ல."

அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பால்கனிக்குத் திரும்பி, செத்த தேனீக்களை ஒரு காகிதத்தில் பொறுக்கிச் சேர்த்தாள். அவர் குனிந்தபோது தோளால் தள்ளி விலக்கினாள். மகளை மட்டும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள்.

படுக்கைக்கு அவள் போகவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள், அரிசியைக் களைந்து போட்டாள், மூன்று தட்டுகளை எடுத்து வைத்தாள். கைக்கெட்டும் தூரத்தில், சமையலறை நிலையில் சாய்ந்து அவர் நின்றுகொண்டிருந்தார்.

"உங்கப்பாவுக்கு இப்ப சாப்பாடு போடவான்னு கேளு," என்றாள் மகளிடம்.

மகள் திரும்பினாள். "இப்ப சாப்பிடுறீங்களான்னு அம்மா கேக்குறாங்க."

"சாப்பிடறேன்னு சொல்லும்மா," என்றார்.